ஆம்பிளைக் காய்ச்சல்

சின்னத்துறை
5-10-2009

கடியப்பட்டணம் சம்பந்தி வேளாங்கண்ணி அவர்களுக்கு,

பெபிஷாவின் அம்மா மிக்கேலம்மாள் எழுதுகிறேன். நீங்கள் நான்கு முறை போன் செய்தீர்கள். வேண்டுமென்றேதான் எடுக்கவில்லை. போனில் நீங்கள் சிரிப்பீர்கள். நீங்கள் சிரித்தால் நான் சொல்ல நினைத்தது பாதியில் நின்றுவிடும். ஜூன் மாதத் திருவிழாவில், உங்கள் வீட்டுப் பந்தியில், பத்துப் பேர் முன்னால் நீங்கள் செய்த கேலியை நான் மறக்கவில்லை. இனி நமக்குள் எதுவானாலும் எழுத்தில் இருக்கட்டும்.

என் மகளுக்கு இது ஏழாம் மாதம். வழக்கப்படி நாங்கள் பலகாரத்தோடு வந்து அவளைப் பேறுகாலத்துக்கு அழைத்துவர வேண்டும். என்னால் வர இயலாது. அவள் அப்பா சுறா பிடிக்கப் போயிருக்கிறார், திரும்பக் கிறிஸ்துமஸ் ஆகும். எனக்கும் முதுகு வலி, பஸ் ஏற முடியவில்லை. ஆகையால் பேறுகாலம் முடியும்வரை அவள் அங்கேயே இருக்கட்டும். ஊரார் கேட்டால் பழியை என்மேல் போடுங்கள்.

மாப்பிள்ளை கிளீட்டஸ் புனேயிலிருந்து காய்ச்சலோடு வந்திருப்பதாக மீன்வண்டி நேசையன் சொன்னார். பேப்பரைத் திறந்தால் புனே, பன்றிக் காய்ச்சல் என்றுதான் போட்டிருக்கிறார்கள். என் மகள் எப்படி இருக்கிறாள்? பதிலை நேசையன் கையில் கொடுத்தனுப்பவும்.

மிக்கேலம்மாள்


கடியப்பட்டணம்
8-10-2009

மைனிக்கு,

மீன் பெட்டியைக் கழுவிக் கமத்திப் போட்டுட்டு, கையில நாத்தம் போகாமலே வேளாங்கண்ணி எழுதுதேன். மூணாங்கிளாஸ் படிச்ச கை. ரெண்டு வரிக்கு ஒருக்க பெருவிரலை நீவிவிட வேண்டியிருக்கு. நீங்க போனை எடுத்திருந்தா எனக்கு இந்தப் பாடு உண்டுமா?

நான் அப்படி என்னத்தைச் சொல்லிட்டேன்? நெய்மீன் கறியைக் கொண்டு வச்சதும் நீங்க மூக்கைப் பொத்திட்டுக் கொல்லைக்கு ஓடினிய. பின்னாலேயே உங்க மகளும் ஓடினா. "மகளுக்கு மசக்கை, சரி. அம்மைக்கும் மசக்கையா? ரெண்டு பேருக்கும் போட்டியா?"ன்னு கேட்டேன். எல்லாரும் சிரிச்சாங்க. நீங்க மட்டும் கை நனைக்காம பஸ் ஏறிட்டிய. ஒரு கேலிக்கு நாலு மாசம் மூஞ்சைத் தூக்கி வச்சிருக்கிற ஆளை நான் இப்போதான் பாக்கேன்.

காய்ச்சல் விசயம் கேட்டிய. கிளீட்டஸ் வந்து எட்டு நாளாச்சு. வந்த அன்னைக்கே பாயைப் போட்டுப் படுத்தவன்தான். "அம்மா, நான் பிழைக்க மாட்டேன்"னு ஒரே புலம்பல். மூணாம் நாள் அவனுக்க அப்பன் ஏசுஅடிமையும் பக்கத்துல ஒரு பாயைப் போட்டாச்சு. ஆடி மாசக் கடலைப் பாத்துச் சிரிக்கிற மனுசன், நூத்திரெண்டு டிகிரிக்கு "சாமியாரைக் கூப்பிடு, சாகுமுந்தி அவஸ்தை கொடுக்கட்டும்"ங்கான்! அடுத்த வீட்டுலயும் ஆம்பிளைதான் படுத்திருக்கான். பொம்பிளைங்க ஒருத்தியும் விழல. அதனால நான் இதுக்கு ஆம்பிளைக் காய்ச்சல்னு பேரு வச்சுட்டேன். இப்போ சந்தை முழுக்க அதே பேருதான்.

எனக்க தங்கச்சி மக லிஜா திருவனந்தபுரத்துல நர்சா இருக்கா, தெரியுமில்லா? அவகிட்ட போன்ல இதைச் சொன்னேன். "பெரியம்மா, உங்க கேலியில கொஞ்சம் நிஜமும் உண்டு. பொம்பிளை உடம்புல ஊறுற ஹார்மோன் கிருமியைக் கண்டதும் உடம்பைச் சட்டுன்னு எழுப்பிவிடும். ஆம்பிளை ஹார்மோன் கொஞ்சம் மந்தமாக்கும்னு படிச்சவங்க சொல்லுதாங்க"ன்னா. பிறகும் ஏதோ சொல்ல வந்தா. நான் சிரிச்ச சிரிப்புல கேக்கல. போனைக் கொண்டுபோய் ஏசுஅடிமை காதுல வச்சு, "கேளும் வே, உம்ம லட்சணத்தை"ன்னேன்.

பெபிஷா நல்லா இருக்கா. அவளுக்க வயித்துல கிடக்கிறதும் பொம்பிளைப் பிள்ளைதான்னு எனக்க மனசு சொல்லுது. அப்போ அவ டபுள் பொம்பிளை இல்லியா? எந்தக் காய்ச்சல் அவகிட்ட வரும்? நான் சந்தைக்குப் போற நேரமெல்லாம் அவதான் ரெண்டு பேருக்கும் கஞ்சி ஊட்டி, ஈரத்துணி போட்டு, இருமலுக்கு நெஞ்சைத் தடவிவிட்டுப் பாக்கா. தங்கமான பிள்ளை.

ஆனா மைனி, முதுகு வலின்னு ஏழாம் மாசத்துக்கு வராத அம்மையை இந்தக் கடற்கரையில நான் கண்டதில்ல. ஒருநாளாச்சும் வாங்க. என்னைத் திட்டவாச்சும் வாங்க.

வேளாங்கண்ணி


சின்னத்துறை
11-10-2009

சம்பந்தி அவர்களுக்கு,

நீங்கள் சிரித்துக்கொண்டு எழுதியதை நான் நடுங்கிக்கொண்டு படித்தேன்.

நேற்று சுகாதார நிலையத்தின் வாசல்வரை போனேன். எதற்குப் போனேன் என்று கேட்காதீர்கள், உள்ளே போகாமலேயே திரும்பிவிட்டேன். வாசலில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருக்கிறது. இந்தக் காய்ச்சலில் அதிகக் கவனமாக இருக்க வேண்டியவர்கள் என்று ஒரு பட்டியல். அதில் முதல் பெயர் கர்ப்பிணிகள். ஆம்பிளைகள் என்று எங்கும் போடவில்லை.

என் மகளைக் காய்ச்சல்காரர்களின் இருமலுக்கு முன்னால் உட்கார வைத்துவிட்டு, அவளுக்கு டபுள் பொம்பிளை என்று பட்டம் வேறு கொடுத்திருக்கிறீர்கள். நாளைக் காலையிலிருந்து அவள் அந்த அறைக்குள் போகக் கூடாது. கஞ்சியை உங்கள் மகனே எழுந்து குடிக்கட்டும். இது கேலிக்கான விஷயமில்லை.

மிக்கேலம்மாள்


பெரிய ஆஸ்பத்திரி, நாகர்கோவில்
13-10-2009

மைனி,

இதை உக்காந்து படிங்க.

உங்க கடிதாசி வந்த அன்னைக்கு அவ காலையிலேயே படுத்துட்டா. காய்ச்சல், மேலு வலி, இருமல். மறுநாள் நாலு வார்த்தை பேசுனா மூச்சு வாங்குது. நான் எதையும் யோசிக்கல. நேசையன் வண்டியில ஐஸ் பெட்டியெல்லாம் இறக்கி வச்சுட்டு, அவளைப் பாயில கிடத்திக் கொண்டு வந்து சேத்துட்டேன். காய்ச்சல்காரங்களுக்குத் தனி வார்டு. இந்தக் காய்ச்சலுக்கு உள்ள மாத்திரையை வந்த உடனே கொடுத்துட்டாங்க, அஞ்சு நாளைக்கு உண்டு. மூக்குல ஆக்சிஜன் குழாய் வச்சிருக்கு. பிள்ளைக்க துடிப்பு நல்லா இருக்கு, நானே எனக்க காதால கேட்டேன்.

லிஜா போன்ல என்னை வாங்கு வாங்குன்னு வாங்கிட்டா. அன்னைக்கு நான் சிரிச்சுட்டுக் கேக்காம விட்ட பாதி இதுதான் மைனி. பொம்பிளைக்கு உதவுற அதே ஹார்மோன், பிள்ளை உண்டானா பல மடங்கு ஏறுமாம். ஏறினா வேற வேலை பாக்குமாம். வயித்துல கிடக்கிற பிள்ளை பாதி அப்பனுக்க வகை, உடம்புக்கு அது அந்நியம். அதை எதிரின்னு நினைச்சுச் சண்டைக்குப் போகாம இருக்க, உடம்பு தனக்க காவலை மாத்திப் போடுமாம்.

எனக்கு வெளங்கினதைச் சொல்லுதேன். வீட்டுக்கு விருந்தாளி வந்தா நாயைக் கட்டிப் போடுவோம் இல்லியா? பத்து மாசத்துக்கு விருந்தாளி, பத்து மாசத்துக்கு நாயைக் கட்டியாச்சு. அந்த நேரம் பாத்துக் கள்ளன் ஏறிட்டான். இன்னொண்ணும் சொன்னா. சிலநேரம் நாய் கயித்தை அறுத்துட்டு ஓடிவந்து, கள்ளனை விட்டுட்டு வீட்டுச் சாமானை எல்லாம் கடிச்சுப் போடுமாம். அது நெஞ்சுக்குள்ள நடந்தா மூச்சுத் திணறுமாம். பிள்ளை வளந்து மேல தள்ளுறதால மூச்சுக்கு இடமும் குறைவாம். பெரிய டாக்டருமாரே இதை இன்னும் படிச்சுக்கிட்டுதான் இருக்காங்களாம். ஆனா பிள்ளைத்தாச்சியைக் காய்ச்சல்காரன் கிட்ட விடக்கூடாதுங்கது நர்சுக்குப் படிக்கிற பிள்ளைக்கும் தெரியுமாம்.

எனக்குத் தெரியல. எனக்க வாய்தான் அவளை இங்க கொண்டு படுக்க வச்சிருக்கு. இதை நீங்க சொல்லுறதுக்கு முந்தி நானே எழுத்துல தாறேன், வச்சுக்கிடுங்க. ஆனா ஒண்ணு. அவளை நடத்திக் கூட்டிட்டுத்தான் இந்த வார்டை விட்டு இறங்குவேன். அதுவரை எனக்குச் சந்தையும் வேண்டாம், வீடும் வேண்டாம்.

வேளாங்கண்ணி


ஆஸ்பத்திரி வாசல்
14-10-2009, காலை

சம்பந்தி அவர்களுக்கு,

வந்துவிட்டேன். கீழே சைக்கிள் நிறுத்தும் இடத்தில் நிற்கிறேன். ஒரு நோயாளிக்கு ஒரே ஒரு துணையாள்தான் என்று காவலாளி விடவில்லை. வார்டு ஆயா சொர்ணம்மாள் இந்தச் சீட்டை மேலே கொண்டுவருகிறார்.

நீங்கள் இறங்கி வாருங்கள், நான் ஏறுகிறேன். பெற்றவள் நான். உங்களைத் திட்டுவதற்குக்கூட எனக்கு இப்போது நேரமில்லை. சீக்கிரம் இறங்குங்கள்.

மிக்கேலம்மாள்


வார்டு
14-10-2009, மத்தியானம்

ஏட்டி மிக்கேலம்மா,

இறங்க மாட்டேன்.

உனக்க சீட்டு வந்ததும் சன்னல் வழியா எட்டிப் பாத்தேன். நீ சிமெண்டுத் திண்டுல உக்காந்ததைப் பாத்தேன். ஒரு கையைப் பின்னால ஊணி, ஒரு கையை அடிவயித்துல தாங்கி, மெதுவா உக்காந்தே. முதுகு வலிக்காரி அப்படி உக்கார மாட்டா. முப்பது வருசமா மீன் விக்கேன். மேல பாத்தே சினை கிடக்கா இல்லியான்னு சொல்லுற கண்ணு இது.  

அன்னைக்குத் திருவிழாவுல நான் விளையாட்டுக்குச் சொன்னது நிஜமாட்டி? அதுக்குத்தான் கை நனைக்காம ஓடினியா? அதுக்குத்தான் ஏழாம் மாசத்துக்கும் வரலியா? நான் தெரியாமச் சொன்னேன்னு எந்தக் கோயில்ல வேணும்னாலும் சத்தியம் பண்ணுதேன். தெரிஞ்சிருந்தா சொல்லியிருக்க மாட்டேன். சரி, பொய் எதுக்கு, சொல்லியிருப்பேன். பத்துப் பேரு முன்னால சொல்லியிருக்க மாட்டேன்.

இப்போ கேளு. மகளுக்கு எது ஆபத்தோ அதேதான் உனக்கும். உனக்க வீட்டுலயும் நாயைக் கட்டிப் போட்டாச்சு. இந்த வார்டுல ஆறு கட்டில், ஆறும் இருமுது. நீ இந்தப் படியில ஒரு காலை வச்சாலும் நான் காவலாளியைக் கூப்பிடுவேன். எனக்கு ஒண்ணும் ஆகாதான்னு கேப்பே. எனக்குத் தீட்டு நின்னு ரெண்டு வருசம் ஆச்சு. அந்த ஹார்மோன் எல்லாம் வத்திப் போச்சு, நானும் இப்போ பாதி ஆம்பிளைதான், வந்தா வரட்டும். லிஜா முகத்துக்குத் துணி கட்டிட்டு, அடிக்கடி கையைக் கழுவச் சொல்லியிருக்கா. கழுவுதேன்.

இந்தச் சீட்டை வாங்கினதும் நீயும் சோப்புப் போட்டுக் கையைக் கழுவு. பிறகு வீட்டுக்குப் போ.

வேளாங்கண்ணி


சின்னத்துறை
15-10-2009

மைனி,

நீங்கள் சொன்னதற்காகத் திரும்பவில்லை. காவலாளி விடவில்லை என்பதற்காகத் திரும்பினேன்.

ஆம். ஐந்து மாதம். நாற்பது வயதில். மூத்த மகளுக்கு ஏழு மாதம், அம்மாவுக்கு ஐந்து மாதம். தெரிந்த நாளிலிருந்து நான் பூசைக்குக்கூட முதல் மணிக்கே போய், யாரும் எழுவதற்கு முன் திரும்பிவிடுகிறேன். தைக்கக் கொடுத்த ஜாக்கெட்டுகளை வாங்க வருகிறவர்களைத் திண்ணையில் நிறுத்தாமல் கதவிடுக்கில் கொடுத்து அனுப்புகிறேன். மாப்பிள்ளை வீட்டில் என்ன நினைப்பார்கள்? பெபிஷா எந்த முகத்தோடு அங்கே நடப்பாள்? ஒரே வீட்டில் இரண்டு பிள்ளைத்தாச்சிகள் இருக்கக் கூடாது என்று வேறு நம் ஆட்கள் சொல்வார்கள். அழைத்து வந்து அவளை எங்கே வைப்பேன்? அதனால்தான் அவள் அங்கேயே இருக்கட்டும் என்றேன். என் வெட்கத்தை மறைக்க அவளைக் காய்ச்சல் வீட்டில் விட்டேன். நீங்கள் எழுத்தில் தந்தது போல் இதை நானும் எழுத்தில் தருகிறேன். பழி முழுவதையும் நீங்களே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இதுவரை எங்கும் காட்டவில்லை. ஊசி, மாத்திரை, ஒன்றுமில்லை. பெயர் பதியப் போய் வாசலிலிருந்து திரும்பியதைத்தான் முன்பு கேட்காதீர்கள் என்றேன்.

ஆனால் மைனி, வார்டில் கிடப்பதும் என் வயிற்றுப் பிள்ளைதான். முதலில் வந்த பிள்ளை. நாளை மறுநாள் வருவேன், காவலாளி மாறியிருப்பான். என்னை யாரும் தடுக்க வேண்டாம்.

மிக்கேலம்மாள்


வார்டு
17-10-2009

மிக்கேலம்மா,

நீ இன்னைக்கு வருவேன்னு எழுதியிருந்தே. அதனால விடியும் முன்னே நேசையன் வண்டி புறப்படுறதுக்குள்ள இதைக் கொடுத்து விடுதேன். வராதே.

நேத்து மோசமான நாள். அதை மறைக்க மாட்டேன். ஆக்சிஜனைக் கூட்டி வச்சாங்க. உதடு கொஞ்சம் நீலம் பாரிச்சது. டாக்டரம்மா என்னைத் தனியாக் கூப்பிட்டு, "தேவைப்பட்டா மூச்சுக்கு மிஷின் வைப்போம்"னாங்க. "வையுங்க, எது வேணும்னாலும் வையுங்க. ஆனா ரெண்டு பேரையும் தாங்க, ஒண்ணைக் குறைச்சுத் தந்தா வாங்க மாட்டேன்"னேன். அந்தம்மா என்னைக் கோவமாப் பாக்கல. எனக்க தோளைப் பிடிச்சாங்க. மிஷின் வைக்கல. சாயங்காலம் கொஞ்சம் தெளிஞ்சா. பிள்ளைக்க துடிப்பு ஒரு தடவையும் குறையல. அது சவம் யாரைப் போல அடம்னு தெரியல, எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

அவ கண்ணைத் திறந்தா அம்மையைத்தான் கேக்கா. "பஸ் இல்லை"ன்னேன். "முதுகு வலி"ன்னேன். அவ மொகத்தைத் திருப்பிக்கிட்டா. அம்மைக்குத் தன் மேல பாசம் இல்லைன்னு நினைச்சுட்டுப் படுத்திருக்கா. நெஞ்சுல மூச்சே இல்லாதவ அந்தப் பாரத்தையும் சேத்துச் சுமக்கணுமா?

உனக்க விசயத்தை நான் சொல்ல மாட்டேன். அது எனக்க வாயிலேருந்து வரக்கூடாது. எனக்க வாயி செஞ்சதெல்லாம் போதும். நீயே அவளுக்கு எழுது. உள்ளதை உள்ளபடி எழுது. நான் எழுத்துக் கூட்டி வாசிச்சுக் காட்டுதேன், ஒரு வார்த்தை கூட்ட மாட்டேன், சிரிக்க மாட்டேன்.

வேளாங்கண்ணி


வார்டு
20-10-2009

மிக்கேலம்மா,

நீ பெபிஷாவுக்கு எழுதின கடிதாசியை வாசிச்சேன். ஒரு பக்கத்துக்கு அரை மணிக்கூர் ஆச்சு. "வெட்கம்"ங்கிற எடத்துல நிறுத்திட்டேன். "வாசிங்க மாமி"ன்னு அவளே கையை அசைச்சா.

முடிஞ்சதும் கண்ணு ஓரமா வழிஞ்சு தலகாணி நனைஞ்சுது. எனக்குப் பயம் வந்துட்டு. பிறகு மூஞ்சுல கிடந்த ஆக்சிஜன் மூடியைக் கொஞ்சம் நீக்கிட்டுக் கேட்டா: "அம்மா பேரு பதிஞ்சாச்சா?"

இல்லைன்னேன். அவ்வளவுதான். உனக்க மகளுக்கு இவ்வளவு கோவம் வரும்னு எனக்குத் தெரியாது. "என்னை மாதிரி அவங்களும் இந்தக் கட்டில்ல படுக்கணுமா? இங்க வரச் சொல்லாதீங்க. போய்ப் பேரு பதியச் சொல்லுங்க. யாரு சிரிச்சாலும் சிரிக்கட்டும். பதிஞ்ச அட்டையை நான் பாக்கணும். பாத்த பிறகுதான் கஞ்சி குடிப்பேன்." மூச்சு விட்டு மூச்சு விட்டுச் சொன்னா. சொல்லிட்டு வாயை மூடிட்டா. நானும் சொர்ணம்மாளும் கெஞ்சிப் பாத்தாச்சு. டாக்டரம்மா "ஏத்துற குளுக்கோஸ் போதாது, வாய் வழியாச் சாப்பிடணும்"ங்காங்க. ஆக்சிஜனைக் குறைச்சாச்சு, மாத்திரை முடிஞ்சாச்சு, காய்ச்சல் விட்டாச்சு, கஞ்சி மட்டும் இறங்கல.

லிஜா சொன்னதையும் எழுதுதேன். உனக்குக் காய்ச்சலோ இருமலோ கண்டா, கசாயம் வச்சுப் பாப்போம்னு ஒருநாளும் இருக்காதே. முதல் நாளே போய், பிள்ளை உண்டுன்னு சொல்லி, மாத்திரை கேட்டு வாங்கு. மறைச்சா மருந்து கிடைக்காது. பிள்ளை உண்டுன்னு சொன்னாத்தான் உனக்கு முதல் எடம்.

கட்டில் பக்கத்துல கஞ்சியை மூடி வச்சிருக்கேன். உனக்கு இனி எத்தனை நாள் வேணும்?

வேளாங்கண்ணி


சின்னத்துறை
21-10-2009

மைனி,

ஒரு நாள்கூட வேண்டியிருக்கவில்லை. நேசையன் கடிதம் தந்தபோது மணி ஒன்பது. வாசித்து முடித்ததும் தையல் மிஷினில் துணியை அப்படியே விட்டுவிட்டுக் கிளம்பினேன். பகல் வெளிச்சத்தில், மாதா குருசடி வழியாக, மீன் ஏலம் நடக்கும் இடத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். நான் எப்போதும் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு போவேன். இன்று இடுப்பில் செருகிக்கொண்டேன். ஏலம் போடுகிறவர் விலை சொல்வதைப் பாதியில் விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தார். ஒருத்தி "ஏலே பாருங்கடே" என்றாள். நின்று அவள் முகத்தைப் பார்த்தேன். "ஐந்து மாதம், வேறு ஏதாவது கேட்க வேண்டுமா?" என்றேன். பதிலுக்கு நிற்காமல் நடந்தேன்.

சுகாதார நிலையத்தில் என் முறை வந்தது. புதிதாக வந்த நர்ஸ், சின்னப் பெண். பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். "பிள்ளைத்தாச்சி எங்க அம்மா? மகளை உள்ள கூப்பிடுங்க" என்றாள். "மகள் ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். எழுதம்மா, பிள்ளைத்தாச்சி நான்தான்" என்றேன். பெஞ்சில் இருந்த பெண்கள் சிரித்தார்கள். அவர்கள் முடிக்கும்வரை காத்திருந்து என் பெயரை எழுத்துக் கூட்டிச் சொன்னேன். வயதைக் குறைக்கவில்லை. ரத்தம் எடுத்தார்கள், ஊசி போட்டார்கள், வயிற்றில் குழாய் வைத்துத் துடிப்பைக் கேட்டார்கள். எனக்கும் கேட்கக் கொடுத்தார்கள்.

அட்டையை இத்துடன் வைத்திருக்கிறேன். அவள் கண்ணுக்கு நேராகப் பிடித்துக் காட்டுங்கள். பெயரையும் தேதியையும் அவளே வாசிக்கட்டும். பிறகு பழைய கஞ்சியைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் காய்ச்சி, ஒரு கரண்டியும் மிச்சம் வைக்காமல் அவள் குடிக்கும்வரை பக்கத்தில் நில்லுங்கள். குடித்து முடித்ததும் அட்டையை நேசையனிடம் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அடுத்த வியாழக்கிழமை டாக்டர் வருகிறாராம். எனக்கு அது வேண்டும்.

மிக்கேலம்மாள்